போலி உதவித்தொகை இணைப்பு: முதலில் முகவரியைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்

வணக்கம் அம்மா. ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து சேலத்துக்கு வந்து படிக்கும் உங்கள் முதலாண்டு மாணவர்கள், வாட்ஸ்அப்பில் வந்த போலி உதவித்தொகை இணைப்பில் ஆதார் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மனம் பதறியது. அவர்களைத் திட்டாதீர்கள், வெட்கப்பட்டால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள்.

நானும் சேலத்தில் கணினி வகுப்பு எடுப்பவன். எக்செல் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இணைய முகவரியைப் படிக்கப் பழக்குங்கள். தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டைத் (//) தாண்டி வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் (/) கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் சற்று முன்னால் இருப்பதே தளத்தின் உண்மைப் பெயர். அரசுத் தளமென்றால் அங்கே பெரும்பாலும் 'ஜிஓவி.இன்' (gov.in) அல்லது 'என்ஐசி.இன்' (nic.in) இருக்கும், நம் மாவட்ட நிர்வாகத்தின் தளமே 'சேலம்.என்ஐசி.இன்' தான். 'ஜிஓவி-இன்.காம்' (gov-in.com) என்று முடிந்தால் அது யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பெயர். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருப்பதாலேயே தளம் நம்பகமானதாகிவிடாது. இதை மாணவர்கள் எளிதில் ஏற்கமாட்டார்கள், பொறுமை வேண்டும். உண்மையும் போலியுமாகப் பத்து முகவரிகளைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். சிக்னல் கிடைக்காத ஊரிலும் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பார்கள்.

ஆதார் எண்ணைக் கொடுத்தவர்கள் இன்றே ஆதாரை வழங்கும் ஆணையமான யுஐடிஏஐயின் தளத்தில் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கருவிழிப் பதிவுகளை, பூட்டட்டும். யாருக்காவது பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.