காற்றுத்தடையை எப்போது கணக்கில் சேர்க்க வேண்டும்?

கேள்வி: சிங்கப்பூரில் ஜேசி (தொடக்கக் கல்லூரி) முதலாம் ஆண்டு இயற்பியலில் எறிபொருள் கணக்கு எல்லாவற்றிலும் 'காற்றுத்தடையைப் புறக்கணிக்கவும்' என்று வருகிறது. 45 பாகையில் எறிந்தால்தான் அதிகத் தூரம் போகும் என்பதும் அதை வைத்துத்தான். நிஜத்தில் எப்போது புறக்கணிக்கலாம், எப்போது கூடாது?

பதில்: எறியும் வேகத்தை அந்தப் பொருளின் முற்றுத் திசைவேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயரத்திலிருந்து சும்மா விட்டால், ஒரு கட்டத்தில் காற்றுத்தடையும் எடையும் சமமாகி வேகம் அதற்கு மேல் கூடாது இல்லையா, அந்த வேகம்தான் இது. நாம் எறிகிற பெரும்பாலான பொருள்களுக்குக் காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதனால் எறிவேகம் முற்றுத் திசைவேகத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால், தடை எடையில் நூறில் ஒரு பங்குதான். தாராளமாக விட்டுவிடலாம். மூன்று மடங்கு என்றால் தடை எடையைப் போல் ஒன்பது மடங்கு. அங்கே பாடப்புத்தகம் வரைகிற பரவளையப் பாதைக்கு (ஏறுவதும் இறங்குவதும் ஒரே மாதிரியான வளைவுக்கு) வேலையே இல்லை.

குண்டு எறிதலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் எறியும் குண்டு 7.26 கிலோ. கையை விட்டுப் போகும் வேகம் நல்ல வீரருக்கு நொடிக்குச் சுமார் 14 மீட்டர். முற்றுத் திசைவேகமோ 150 மீட்டர் பக்கம் வருகிறது. தடை எடையில் ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனாலும் வீரர்கள் 40 பாகைக்குக் கீழேதான் எறிகிறார்கள். பழியைக் காற்றின் மேல் போடாதீர்கள்: குண்டு தரையிலிருந்து கிளம்பாமல் தலை உயரத்திலிருந்து கிளம்புகிறது, கோணம் தாழ்ந்தால் கையால் இன்னும் வேகமாகத் தள்ளவும் முடிகிறது.

சரி, எனக்குப் பிடித்த பூப்பந்துக்கு (பேட்மிண்டன்) வருகிறேன். ஷட்டிலின் எடை ஐந்து கிராம் அளவுதான், அதில் 16 இறகுகள். முற்றுத் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 6.8 மீட்டர். சமூக மன்றத்தில் வார இறுதியில் ஆடுபவர்கூட நொடிக்கு 30 மீட்டரில் சுலபமாக அடிப்பார். அந்தக் கணத்தில் தடை எடையைப் போல் 19 மடங்குக்கு மேல்! பாடப்புத்தகச் சூத்திரப்படி 45 பாகையில் அது 92 மீட்டர் போக வேண்டும். ஆடுகளத்தின் மொத்த நீளமே 13.4 மீட்டர்.

2023-இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த அடி மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸ் பதிவு செய்தது. அதே சூத்திரத்தில் போட்டால் இரண்டரை கிலோமீட்டர் வரும். தோ பாயோ ரயில் நிலையத்தில் அடித்தால் பீஷான் நிலையத்தைத் தாண்டி விழ வேண்டும். உண்மையில் ஷட்டில் மூன்று மீட்டருக்குச் சற்று மேல் போவதற்குள் வேகம் பாதியாகிவிடுகிறது. காற்று இல்லாவிட்டால் வேகத்தை இரட்டிப்பாக்கினால் தூரம் நான்கு மடங்கு. ஷட்டிலுக்கோ கூடுதலாகக் கிடைப்பது அந்த மூன்று மீட்டர்தான். ஓங்கி அடிப்பதை விட இடம் பார்த்து அடிப்பவர் ஜெயிப்பதில் ஆச்சரியமில்லை.

பாதையின் உருவமும் மாறிவிடும். ஏறும்போது ஏறக்குறைய நேர்க்கோடு, பிறகு சட்டென்று ஒரு வளைவு, அப்புறம் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழும். ஏற எடுத்த நேரத்தை விட இறங்க அதிக நேரம் ஆகும். அதிகத் தூரத்துக்கான கோணம் 45-க்குக் கீழே இறங்கிவிடும். 30 பாகையும் 60 பாகையும் ஒரே தூரம் என்ற விதியும் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், 1537-இல் இத்தாலியர் தார்த்தாலியா பீரங்கிக் குண்டின் பாதையை இப்படித்தான் வரைந்தார்: நேர்க்கோடு, வில், செங்குத்து. அதிகத் தூரத்துக்கு 45 பாகை என்று சொன்னவரும் அவரே. 1638-இல் பரவளையத்தை எழுதிய கலிலியோவும் காற்று அதைக் கெடுக்கும் என்பதை அறிந்தே எழுதினார்.

நம் ஊர் வெப்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, ஈரப்பதம் அதை இன்னும் கொஞ்சம் குறைக்கும். தடை குறைந்து ஷட்டில் நீளமாகப் பறக்கும். அதனால்தான் இங்கே 75, 76 என்று வேக எண் போட்ட மெதுவான ஷட்டில்கள். குளிர் நாட்டிலிருந்து வேகமான 78 வாங்கிவந்து அடித்தால் பின்கோட்டைத் தாண்டிவிடும். மன்றத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க ஆடுகிறோமே, அதற்கும் காரணம் நொடிக்கு 6.8 மீட்டர் என்ற இந்தக் குறைந்த முற்றுத் திசைவேகம்தான். லேசான காற்றோட்டமே ஷட்டிலைத் தள்ளிவிடும்.

ஏன் பாடத்தில் விட்டுவிடுகிறார்கள் என்றால், தடை வந்ததும் கிடைமட்ட இயக்கத்தையும் செங்குத்து இயக்கத்தையும் தனித்தனியாகக் கணக்குப் போட முடியாது. கையடக்கமான சூத்திரம் இல்லை. எக்செல்லில் 0.01 நொடி இடைவெளி வைத்துப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு படியிலும் வேகத்துக்கு எதிர்த்திசையில், புவியீர்ப்பு முடுக்கத்தை (வேகம் ÷ முற்றுத் திசைவேகம்) இதன் வர்க்கத்தால் பெருக்கிய அளவு முடுக்கம். அதோடு கீழ்நோக்கி வழக்கமான 9.81. தேர்வில் இது வராது. காற்றுத்தடை பற்றி வரைபடமும் விளக்கமும்தான் கேட்பார்கள்.