1420.4 மெகாஹெர்ட்ஸில் அசையாத கூர்முனை: ஹைட்ரஜன் கோடா?

விண்வெளியிலுள்ள ஹைட்ரஜன் வாயு 1420.4 மெகாஹெர்ட்ஸில் வானொலி அலையை வெளியிடும்; ஆனால் உங்கள் நிறமாலையில் தெரியும் முனை அது இல்லை. ஆன்டெனாவை எங்கே திருப்பினாலும் 1420.4 மெகாஹெர்ட்ஸில் ஊசி மாதிரி ஒரே முனை நிற்கிறது என்கிறீர்கள். அது பெரும்பாலும் எஸ்டிஆர் டாங்கிளே (கணினியில் செருகும் சிறு வானொலி ஏற்பி) உண்டாக்கும் டிசி ஸ்பைக், அதாவது அதன் மைய அதிர்வெண்ணில் தோன்றும் போலி முனை. மைய அதிர்வெண்ணையும் (ஏற்பியை இசைத்திருக்கும் அதிர்வெண்) 1420.4-இலேயே வைத்திருப்பதால் இரண்டும் ஒரே இடத்தில் விழுகின்றன.

அகலத்தைப் பாருங்கள். ஏற்பி ஒரே நேரத்தில் பார்க்கும் 2.4 மெகாஹெர்ட்ஸை 2048 கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டம் சுமார் 1.2 கிலோஹெர்ட்ஸ். 100 கெல்வின் குளிர் வாயுவில்கூட அணுக்களின் வெப்ப ஓட்டமே கோட்டைச் சுமார் 10 கிலோஹெர்ட்ஸுக்கு விரித்துவிடும். பால்வெளித் தளத்தை (நம் விண்மீன் மண்டலத்தின் தட்டு) நோக்கினால் அதன் சுழற்சி வேகமும் சேர்ந்து பல நூறு கிலோஹெர்ட்ஸ் வரை மேடு மேடாகப் பரவும், பார்க்கவே அழகாக இருக்கும். ஒற்றைக் கட்டத்தில் அடங்கும் கோடு விண்ணிலுள்ள ஹைட்ரஜனிலிருந்து வந்திருக்க முடியாது.

1. மைய அதிர்வெண்ணை 1420.0-க்கு மாற்றுங்கள். முனையும் கூடவே நகர்ந்தால் சந்தேகமே இல்லை, டிசி ஸ்பைக்தான்.
2. நகரவில்லையா? ஆன்டெனாவைக் கழற்றி, முன்பெருக்கியின் (ஆன்டெனா சிக்னலை முதலில் பெருக்கும் கருவி) உள்ளீட்டில் 50 ஓம் டெர்மினேட்டரை (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடை) மாட்டுங்கள். அப்போதும் முனை இருந்தால் உங்கள் கருவிக்குள்தான் எங்கோ பிறக்கிறது. மறைந்தால் சுற்றுப்புற மின்சாதனங்களைத் தேடுங்கள்.

அப்புறம், டெர்மினேட்டரோடு எடுத்த நிறமாலையால் வான நிறமாலையை வகுத்துவிடுங்கள். கருவியின் வடிகட்டி நிறமாலையில் உண்டாக்கும் வளைவு பெரும்பாலும் போய்விடும், ஹைட்ரஜனின் மங்கலான மேடு தெரிய ஆரம்பிக்கும்.

ஒன்று மட்டும் கவனம்: ஹைட்ரஜன் வானம் முழுக்க இருக்கிறது. அதனால் தளத்தைவிட்டு விலகினாலும் மேடு குறையுமே தவிர முற்றாக மறையாது. அதைக் குறுக்கீடு என்று தள்ளிவிடாதீர்கள்.