முறைக்காய்ச்சலுக்கு ஏன் முழுமையான தடுப்பூசி இல்லை?

மதிப்பிற்குரிய ஐயா,

பவானிசாகர் அணை கட்டும் வேலைக்குப் போன இடத்தில் எங்கள் அப்புச்சிக்கு முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா, கண்டதாம். ஒன்றுவிட்டு ஒருநாள் நடுங்கிக் கிடப்பார், வயிற்றில் ஆமைக்கட்டி தட்டுப்படும், கொய்னா (குயினைன்) மாத்திரை தின்று தேறிய பிறகும் ஆறு மாதம் கழித்துத் திரும்ப வந்தது என்று அம்மாயி சொல்வார். பெரியம்மையை ஊசி போட்டே ஒழித்தார்கள். கொரோனாவுக்கு ஓராண்டில் ஊசி வந்தது. மலேரியாவுக்கு மட்டும் ஏன் இத்தனை காலம்? ஏழைகளின் நோய் என்பதாலா?

சிவகாமி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள சிவகாமி,

ஏழ்மையும் ஒரு காரணம்தான்; அதை மறுக்க மாட்டேன். ஆனால் பணம் தாராளமாகக் கிடைத்திருந்தாலும் இது எளிதில் முடிந்திருக்காது. பெரியம்மை கண்டு பிழைத்தவருக்கு அது மறுபடி வருவது மிக அரிது. உடல் தானே கற்ற பாடத்தைத்தான் ஊசியும் கற்பித்தது. மலேரியாவில் அப்படி முழுமையான பாடம் உடலிடமே இல்லை. ஆண்டுதோறும் கடிபட்டு வளரும் ஆப்பிரிக்கர்களுக்குக்கூட நோயின் கடுமை குறைகிறதே தவிர, கிருமி குடியேறுவது நிற்பதில்லை.

அம்மாயி சொன்ன ஆமைக்கட்டி, வீங்கிய மண்ணீரல். கெட்டுப்போன சிவப்பணுக்களைச் சலித்தெடுக்கும் உறுப்பு அது. மலேரியாக் கிருமிகளில் மிகக் கொடியதான ஃபால்சிபாரம், தான் புகுந்த சிவப்பணுவின் மேல் ஒரு புரதத்தை நீட்டி, இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, அந்தச் சல்லடைக்குப் போகாமலே தப்பிவிடுகிறது. வெளியே நீட்டிய புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் உண்டாக்கும் அல்லவா? அதற்கும் அது வழி வைத்திருக்கிறது. அந்தப் புரதத்துக்குச் சுமார் 60 மரபணுக்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தும். ஒன்றுக்கு எதிர்ப்பொருள் தயாராகி முடிவதற்குள், வேறொன்றுக்கு மாறிவிட்ட சில கிருமிகள் பெருகத் தொடங்கியிருக்கும். போதாததற்கு, சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை; உள்ளே அயலான் இருக்கிறான் என்று மேற்பரப்பில் காட்டும் ஏற்பாடும் அதனிடம் இல்லை என்பதால், கிருமி புகுந்த அணுக்களைக் கொல்லும் டி அணுக்கள் (ஒருவகை வெள்ளையணுக்கள்) அதைக் கண்டுகொள்வதில்லை.

ஆகவே அது கல்லீரலிலிருந்து இறங்கிச் சிவப்பணுக்களில் புகுவதற்கு முன்பே பிடிக்க வேண்டியிருக்கிறது. கொசு கடித்துச் சிறிது நேரத்திலேயே கல்லீரலை அடைந்துவிடும் கிருமியைத் தடுப்பதற்குத்தான், உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ், 2023இல் பரிந்துரைத்த ஆர்21 ஆகிய இரண்டு தடுப்பூசிகளும். பின்னதைப் புனேயில் தயாரிக்கிறார்கள். தப்பிய ஒன்றிரண்டே கல்லீரலில் பல்லாயிரமாகப் பெருகும் என்பதால், நான்கு தவணை போட்ட ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் ஆர்டிஎஸ்,எஸ் நான்கு ஆண்டுகளில் சுமார் 36 விழுக்காடு காய்ச்சல்களையே தடுத்தது. குறைவாகத் தோன்றலாம். குழந்தைகள் கூட்டமாகச் சாகும் ஊர்களில் அது சிறிய எண் இல்லை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

அப்புச்சிக்கு வந்தது வைவாக்ஸ் என்ற வேறொரு மலேரியாக் கிருமியாக இருந்திருக்கக்கூடும். அது கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து எழுவது. உறங்கும் கிருமியைக் கொய்னா தொடுவதில்லை. மேலே சொன்ன இரண்டு ஊசிகளும் ஃபால்சிபாரத்துக்கானவை. வைவாக்ஸுக்கான ஊசி இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது.