கேளுங்கள், சொல்கிறோம்: பழைய டிராக்டர் டிரெய்லர் வாங்கலாமா?

ஆறு ஏக்கர் சாகுபடி. டிராக்டர் இருக்கிறது, டிரெய்லர் இல்லை. 14 வருடம் ஆன இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புதிதாகப் பெயின்ட் அடித்து நன்றாகத்தான் தெரிகிறது. சம்பா அறுப்புக்குள் வாங்கிவிட நினைக்கிறேன். எதைப் பார்த்து முடிவு செய்வது?
*வாசகர், மன்னார்குடி*

விற்பதற்கென்றே அடித்த பெயின்ட் என்றால் அதுவே முதல் சந்தேகம். பெட்டியைச் சுற்றி வந்து பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்துப் பாருங்கள். பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்திருந்தால் அது செலவு, அவ்வளவுதான். அச்சிலோ, சேசிஸ் சட்டத்திலோ, டிராக்டரோடு மாட்டும் டிராபாரிலோ கோளாறு இருந்தால் அது உயிர் சம்பந்தப்பட்டது. அந்த மூன்றில் ஒன்று கெட்டிருந்தாலும் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

டிராபாரிலிருந்து தொடங்குங்கள். முக்கோணமாக வரும் அதன் இரண்டு கைகளும் சேசிஸ் சேனலில் சேரும் இடம்தான் முதலில் விரிசல் விடும். வயலிலிருந்து ஆற்றுக்கரைச் சாலைக்கு ஏறும்போது பாரம் முழுக்க அந்த வெல்டிங்கில்தான் இழுபடுகிறது. விரிசல் பெயின்ட்டுக்குள் ஒளிந்திருக்கும். மூட்டைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைத் தேய்த்து விடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து சாக்பீஸ் மேல் கறுப்புக் கோடாகத் தெரியும். ஒரே இடத்தில் வெல்டிங் மேல் வெல்டிங்காகப் போட்டிருந்தால், அந்த இடம் ஒரு தடவைக்கு மேல் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். முன் வளையம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தால் பயப்பட வேண்டாம், வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து அச்சு. சமதரையில் நிறுத்தி, முன் வளையத்தின் நடுவிலிருந்து இரண்டு பக்க ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) நடுவுக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அரை இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையின் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்திருக்கும், இல்லையென்றால் சேசிஸ் கோணியிருக்கும். போல்ட் என்றால் சரிசெய்துகொள்ளலாம். சேசிஸ் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு அச்சுக் கம்பியின் அடியில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் அச்சு நூலைக் கீழே தள்ளினால் அதிக பாரம் ஏற்றி வளைத்திருக்கிறார்கள். டயரும் இதற்குச் சாட்சி சொல்லும். அச்சின் நடு கீழே தொய்ந்தால் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும், இரண்டு டயரும் உள் ஓரத்தில் மட்டும் தேய்ந்திருக்கும்.

பேரிங்கைப் பார்க்காமல் யாரும் வாங்கக் கூடாது. மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, டிராபாருக்கு முட்டுக் கொடுத்து, இந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கு அடியில் தடித்த மரக்கட்டையும் வையுங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டினால் கடகடவென்று ஆட்டம் தெரிகிறதா? சுற்றிவிட்டால் கரகரப்பு கேட்கிறதா? பிறகு ஹப் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே கிரீஸ் மோர் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நம் பக்கம் இது மிகச் சாதாரணம். பாரம் இழுத்துச் சூடாக வந்த டிரெய்லரை அப்படியே வாய்க்காலில் இறக்கிக் கழுவுகிறார்கள். சூடான ஹப் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. நீங்கள் வாங்கிய பிறகாவது அரை மணி நேரம் ஆறவிட்டுக் கழுவுங்கள்.

உருளையில் நீலம் பாரித்திருந்தாலோ ஓடுபாதையில் குழி விழுந்திருந்தாலோ அந்தப் பேரிங் முடிந்தது. உருளையையும் வெளிக்கப்பையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழைய கப்பில் புது உருளையைப் போட்டால் ஒரு பருவம்கூடத் தாங்காது. சீலும், நட்டு கழலாமல் பூட்டும் கோட்டர் பின்னும் எப்போதும் புதிதாகப் போடுங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, இறுக்கம் தெரிந்ததும் அடுத்த பின் துளை வரை தளர்த்திப் பின் போடுவதுதான் முறை. முழு இறுக்கத்தில் விட்டால் கிரீஸ் உருகி ஓடிவிடும்.

டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வெயிலில் நின்ற டயர் பட்டன் தேயாமலேயே பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். பாரத்தோடு மதகு ஏறும்போது அங்கேதான் கிழியும்.

இப்போது பெட்டி. அடித்தகட்டின் மேல் நடப்பதைவிட, கீழே குறுக்குச் சட்டங்கள் தகட்டைத் தொடும் இடங்களில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஈர வைக்கோலும் களிமண்ணும் தேங்கி அரிப்பது அந்த இடுக்கில்தான். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது பொத்தென்று ஒலிக்கும். ஒரு காந்தமும் கையில் இருக்கட்டும். பட்டி பூசி அடைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. தகடு முழுவதும் போயிருந்தால் 10-க்கு 6 அடிப் பெட்டிக்கு 3 மி.மீ. தகடு என்றால் சுமார் 130 கிலோ, 4 மி.மீ. என்றால் 175 கிலோ வாங்க வேண்டியிருக்கும். அன்றைய இரும்பு விலையோடு வெல்டிங் கூலியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

விலைக்கு நாங்கள் சொல்லும் வழி இது. டிராக்டரை டிரெய்லரோடு ஒரு முறையும், தனியாக ஒரு முறையும் எடைமேடையில் ஏற்றுங்கள். வித்தியாசம்தான் டிரெய்லரின் எடை. அதைப் பழைய இரும்பு விலையால் பெருக்கினால் அடிவிலை கிடைக்கும். ஓடக்கூடிய டயர், நல்ல அச்சு, செல்லுபடியாகும் ஆர்.சி. (பதிவுச் சான்று) ஆகியவற்றுக்காக அதன்மேல் கூட்டுங்கள். தகடு, பேரிங், டயர் செலவைக் கழியுங்கள். எடை ஆர்.சி.யில் எழுதிய வெற்று எடையைவிட மிகவும் கூடுதலாக இருந்தால் பெட்டியைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், அச்சு மட்டும் பழையது. அந்த டிரெய்லர் வேண்டாம்.

பாரக் கணக்கும் முக்கியம். கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டையில் 100 ஏற்றினால் நெல் மட்டும் 4 டன். உங்கள் ஆர்.சி. அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். தை மாதத்தில் எல்லாருக்கும் டிரெய்லர் தேவைப்படும், விற்பவர் கை ஓங்கியிருக்கும். இந்த அறுப்புக்கு வாடகைக்கு ஓட்டிக்கொண்டு, கோடையில் நிதானமாகத் தேடினால் இதைவிட நல்லது கிடைக்கலாம்.

கொழுந்தனார் ஒரு டிரெய்லர் பார்த்திருக்கிறார். டிராக்டருக்கு ஆர்.சி. இருந்தால் போதும், டிரெய்லருக்குத் தனியாக எதற்கு என்கிறார். சரியா?
*வாசகி, பாபநாசம்*

சரியில்லை, அம்மா. டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண், தனி ஆர்.சி. உண்டு. சேசிஸில் குத்தியிருக்கும் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எண் இருக்கும் இடம் ராவப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் வங்கி அல்லது கூட்டுறவுச் சங்கக் கடன் பதிவு இருந்தால் தடையின்மைச் சான்றும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வரும் முன் முழுப்பணம் கொடுக்க வேண்டாம். விவசாயப் பயன்பாட்டுப் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மேலே மன்னார்குடி வாசகர் கேட்ட 14 வருட டிரெய்லருக்கு இது அடுத்த வருடமே வரும் செலவு.

இன்ஷூரன்ஸில் டிரெய்லர் எண்ணும் ஏறியிருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக ஒன்று: நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களை டிரெய்லரில் ஏற்றிப் போவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அது சரக்கு வண்டி. ஆள் ஏற்றிக் கவிழ்ந்தால் இழப்பீடு கிடைப்பது பெரும்பாடு. தயவுசெய்து ஆட்களுக்கு வேறு வண்டி பாருங்கள்.

வேதாரண்யம் பக்கத்திலிருந்து வரும் டிரெய்லர் மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?
*வாசகர், திருத்துறைப்பூண்டி*

உப்பளத்தில் ஓடியதா என்று முதலில் கேளுங்கள். உப்பு ஏற்றிய டிரெய்லரில் துரு வெளியே தெரிவதற்கு முன் உள்ளே தின்றுவிடும். பக்கச்சுவர் சதுரக் குழாயில் செய்ததென்றால் அடிமூலையில் ஸ்குரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே போனால் குழாய் வெறும் தோல்தான். பட்டைகளுக்கு இடையில் துரு உப்பி, பட்டை விலகி நிற்கிறதா என்றும் பாருங்கள். உரம், பொட்டாஷ் ஏற்றிக் கழுவாமல் விட்ட டிரெய்லருக்கும் இதே கதிதான். உப்பில் ஓடியது என்று உறுதியானால் பழைய இரும்பு விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கூட்டாதீர்கள்.

டிப்பர் தூக்கி வைத்தால் மெதுவாக இறங்குகிறது. ஜாக்கி (பெட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்) போய்விட்டதா?
*வாசகர், சீர்காழி*

டிராக்டரின் வால்வாகவும் இருக்கலாம். அதே டிப்பரை வேறொரு டிராக்டரில் மாட்டித் தூக்குங்கள். அங்கே நின்றால் கோளாறு உங்கள் டிராக்டரில். அங்கேயும் இறங்கினால் ஜாக்கி சீல். ராடில் துருக்குழி இருந்தால் சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை, குழியின் ஓரம் புதுச் சீலையும் கிழித்துவிடும். தூக்கிய பெட்டிக்கு அடியில் முட்டு வைக்காமல் ஒரு விநாடியும் கைநீட்டாதீர்கள்.

இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா?
*வாசகர், வலங்கைமான்*

குறுகிய மதகும் வரப்புப் பாதையும் உள்ள ஊருக்கு இரண்டு சக்கரம். நான்கு சக்கரத்தில் முன் அச்சு தனியாகத் திரும்புவதால் ரிவர்ஸ் எடுப்பது கடினம். ஆனால் இரண்டு சக்கரத்தில் பாரத்தில் ஒரு பங்கு டிராக்டர் கொக்கியில் உட்காரும். மூட்டையை முன்னால் குவித்தால் கரை ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரம் தூக்கும். பின்னால் குவித்தால் கொக்கியை மேலே இழுத்து டிராக்டரின் பின்சக்கரம் பிடிமானம் இழக்கும். அச்சுக்கு மேலிருந்து அடுக்கத் தொடங்கி, சற்றே முன்பக்கம் கனமாக முடியுங்கள். எதை வாங்கினாலும் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டி, விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே இரவில் கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்புங்கள்.