வாடிக்கையாளர் பட்டியலை வெளியாளிடம் கொடுக்காதீர்கள்

கேள்வி: கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். பில்லிங் சாஃப்ட்வேரில் பல வருஷத்து வாடிக்கையாளர் பட்டியல் இருக்கிறது. ஒரே ஆள் மூன்று, நான்கு பெயரில் வருகிறார். தீபாவளி எஸ்எம்எஸ் ஒரே போனுக்கு மூன்று முறை போய், பழைய வாடிக்கையாளர் ஒருவர் சத்தம் போட்டுவிட்டார். பெயருக்கு இரண்டு ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் சுத்தம் செய்து தருவதாக ஒருவர் ஃபைலைக் கேட்கிறார். கொடுக்கலாமா, அல்லது நாங்களே செய்ய சாஃப்ட்வேர் உண்டா?

பதில்: கொடுக்காதீர்கள். ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. உங்கள் கடையில் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவரும், வாடிக்கையாளர்களை முகம் பார்த்தே அறிந்த பழைய ஆள் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.

பெயருக்கு இரண்டு ரூபாய் என்பவர் என்ன செய்வார் தெரியுமா? எக்செலில் ஃபைலைத் திறந்து, போன் நம்பர் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டூப்ளிகேட்டை நீக்கும் பட்டனை அழுத்துவார். ஒரு நிமிட வேலை. அந்தப் பட்டன் முதலில் வரும் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். அழிந்த வரியில்தான் புது விலாசம் இருந்தது, பாக்கித் தொகை இருந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதைவிட மோசம், உங்கள் ஃபைல் அவர் பென்டிரைவில் தங்கிவிடும். ஊர் வாரியாக நம்பர் விற்பவர்களுக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலையை வெளியாளிடம் விட்டாலும் பொறுப்பு தகவலைச் சேகரித்தவருக்கே என்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சின்னக் கடைக்கு அவ்வளவு விதிப்பார்களா என்பது வேறு விஷயம். மாட்டிக்கொள்வது நீங்கள்தான், அவர் இல்லை.

முதலில் பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து பட்டியலை வாடிக்கையாளர் கோடு எண்ணோடு (ஒவ்வொரு பெயருக்கும் சாஃப்ட்வேர் கொடுத்திருக்கும் எண்) எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இதற்கே தனியாகப் பணம் கேட்கும் டீலர்கள் இருக்கிறார்கள். உங்கள் தகவலை உங்களுக்குக் கொடுக்கக் கட்டணமா என்று கேளுங்கள். அடுத்த வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்குங்கள். எடுத்த ஃபைலில் ஒரு காப்பியைத் தொடாமல் வையுங்கள்.

எக்செலில் நேரடியாகத் திறக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. 91 சேர்ந்த 12 இலக்க நம்பரை அது 9.19 என்பது போலச் சுருக்கி, நடுவில் ஒரு ஆங்கில எழுத்துப் போட்டுக் காட்டும். அப்படியே சிஎஸ்வி ஃபைலாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான். 0435 என்று தொடங்கும் லேண்ட்லைன் நம்பரில் முதல் பூஜ்யம் காணாமல் போகும். நம்பர் நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று சொல்லி இம்போர்ட் செய்யுங்கள்.

அடுத்து ஓப்பன்ரிஃபைன். 2010-இல் கூகுள் ரிஃபைன் என்று வந்ததுதான் இப்போது இந்தப் பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும். ஃபைல் வெளியே போகாது. தப்பாக எதையாவது மாற்றிவிட்டால் பின்னோக்கிப் போய்ச் சரிசெய்யலாம். அதிலுள்ள ‘கிளஸ்டர்’ வசதி ஒத்த பெயர்களைக் கொத்தாகக் காட்டும். சொற்களைப் பிரித்து, புள்ளி, கமாவை எடுத்துவிட்டு, அகர வரிசையில் அடுக்கிப் பார்க்கும். அதனால் ‘எஸ். முருகேசன்’, ‘முருகேசன் எஸ்’ இரண்டும் ஒன்றாக வரும். ஆனால் புள்ளிக்குப் பிறகு இடம் விடாமல் ‘எஸ்.முருகேசன்’ என்று அடித்திருந்தால் புள்ளி போனதும் இனிஷியலும் பெயரும் ஒட்டிக்கொண்டு தனி ஆளாகிவிடும். எனவே முதலில் எல்லாப் புள்ளியையும் ஓர் இடைவெளியாக மாற்றுங்கள். லட்சுமி, லக்ஷ்மி, லெட்சுமி போன்றவற்றில் ஒலியை வைத்துப் பார்க்கும் முறைகளை நம்பாதீர்கள்; அவை நம் பெயர்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எழுத்து வித்தியாசத்தை எண்ணும் முறையோ செல்வத்தையும் செல்வனையும் ஒரே ஆள் என்று நீட்டும். சாஃப்ட்வேர் சந்தேகத்தைத்தான் சொல்லும். சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பழைய ஆள் சொல்லட்டும்.

இந்தக் குழப்பத்துக்கு உங்கள் பில் போடும் பையன்களைத் திட்டிப் பயனில்லை. இனிஷியல் வைத்து வாழும் மாநிலத்தில் ஒவ்வொரு படிவமும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கிறது. அப்பா பெயரைக் கடைசியில் போட்டவர் ஒருவர், முன்னால் போட்டவர் ஒருவர். ஊர்ப் பெயரும் அப்படித்தான். 2020-இல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை போட்டார்கள். சில நாளில் திரும்பப் பெற்றார்கள். ஊர்ப் பெயரை நம்பாமல் ஆறு இலக்க பின்கோடை வைத்துச் சரிபாருங்கள்.

இப்போது முக்கியமானது: போன் நம்பர் ஒன்று என்றால் ஆளும் ஒன்று என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படி இல்லை. எந்த நம்பர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதிகம் வருவதை மேலே வைத்து அடுக்கிப் பாருங்கள். உச்சியில் பத்து ஒன்பதுகளோ, உங்கள் கடை நம்பரோதான் நிற்கும். நம்பர் தர மறுத்தவர்களுக்கு கவுன்டரில் அடித்தது அது. அவற்றை முதலில் காலியாக்குங்கள். அதற்குக் கீழே அம்மா வாங்கும்போது மகன் நம்பர், முதலாளி வாங்கும்போது டிரைவர் நம்பர், ஒரே சமையல் கான்ட்ராக்டர் நம்பரில் மூன்று கல்யாண வீடு. இவர்களை ஒன்றாக்கினால் ஒருவர் பாக்கி இன்னொருவர் தலையில் ஏறும். எஸ்எம்எஸ் தடவை குறைய வேண்டுமானால் அனுப்பும் பட்டியலில் மட்டும் நம்பருக்கு ஒன்று என்று வையுங்கள்; கணக்கைச் சேர்க்காதீர்கள். இன்னொன்று, துண்டித்த மொபைல் நம்பரை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். நடுவில் சில வருஷம் பில்லே இல்லாமல் புதுப் பெயரில் அதே நம்பர் வந்தால், பழைய கடனை ஞாபகப்படுத்துவதற்கு முன் ஒரு முறை போன் செய்து யார் என்று கேளுங்கள்.

ஜிஎஸ்டி எண் உள்ளவர்கள் சுலபம். 15 எழுத்து, நம் மாநிலம் என்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் பெயர் இலவசமாகத் தெரியும்.

முடிந்ததும், ஒரே ஆள் என்று சேர்த்தவர்களின் பழைய கோடு எண்களை பில்லிங் சாஃப்ட்வேரில் அழிக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் பழைய பில்கள் தொங்குகின்றன. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ‘பயன்பாட்டில் இல்லை’ என்று குறித்து, பக்கத்தில் புதுக் கோடு எண்ணை எழுதிவிடுங்கள். நாளை முதல் கவுன்டரில் நம்பரைத் தேடிப் பார்த்த பிறகே புதுப் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். நம்பர் தராதவர்களுக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.