ஆங்கிலம் என்றாலே ஒதுங்கும் மாணவர்களுக்குச் செயல்திட்டங்கள் (புராஜெக்ட்) வழியாக ஆர்வம் வருமா?

வரும். ஆனால், ஆங்கிலம் இல்லாமல் அந்த வேலையை முடிக்கவே முடியாது என்ற நிலை இருந்தால்தான் வரும். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

செயல்திட்டம் நமக்குப் புதிதல்ல. 2012-13 கல்வியாண்டில் ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோதே, பாடம் நடக்கும்போதே மாணவரை மதிப்பிடும் வளரறி மதிப்பீட்டில் இத்தகைய செயல்பாடுகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. நடைமுறையில் அது பல இடங்களில், கடையில் வாங்கிய படங்களைச் சார்ட்டில் ஒட்டுவதாகவும், பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட் அவுட்டைக் கோப்பில் வைத்துக் கொடுப்பதாகவும் சுருங்கிவிட்டது. ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாக எழுதாமல் முழு மதிப்பெண் கிடைக்கும் வேலையில் பிள்ளைக்கு என்ன பிடிப்பு ஏற்படும்?

எங்கள் பள்ளி மாமல்லபுரத்துக்கு அருகில் உள்ளது. கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதங்கள் என்று குழுவுக்கு ஓர் இடத்தைப் பிரித்துக் கொடுத்து, வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதி, அதே இடத்தில் நின்று விளக்க வேண்டும் என்று சொன்னேன். ஐந்து ரதங்கள் குழுவில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவன் இருந்தான்; அவனுடையது கல் செதுக்கும் குடும்பம். ரதங்களை மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்பதையும், அதனால்தான் அடிப்பகுதி முடிவுறாமல் நிற்கிறது என்பதையும் அவன் தமிழில் விளக்க, குழுவே அவனைச் சுற்றி அமர்ந்துவிட்டது. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது "தே டிட் நாட் ஃபினிஷ்" என்பதா, "ஃபினிஷ்டு" என்பதா என்று தகராறு வந்தது. இறந்தகால எதிர்மறையைப் பலமுறை கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன். அன்று கேட்டதுபோல் அவர்கள் என்றும் கேட்டதில்லை. தப்பாக அச்சாகிவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுடையதாகவே இருந்தது.

இதற்கு நெருங்கிய முன்னோடி நம் பகுதியிலேயே உண்டு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தல் துறை அறிஞர் என். எஸ். பிரபு நடத்திய திட்டத்தில், இலக்கணத்தை நேரடியாக நடத்தாமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயணத்தை முடிவு செய்வது போன்ற பணிகள் தரப்பட்டன. மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது மொழி படியும் என்பது அவருடைய கருத்து. நான் அதோடு இலக்கணத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். தேவை எழுந்த நேரத்தில் பத்து நிமிடம் நடத்தினால் போதும்.

சில நடைமுறைகளில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. திட்டமிடும்போது தாராளமாகத் தமிழில் பேசலாம், வரைவு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். கையெழுத்து அழகாக உள்ள பிள்ளையே எல்லாவற்றையும் எழுதிவிடாதபடி, ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியும் பேச ஒரு முறையும் தருகிறேன். முதல் வரைவையும் திருத்திய வரைவையும் சேர்த்துப் பார்த்தே மதிப்பெண் இடுகிறேன். பாடப்பகுதியையும் முடிக்க வேண்டியிருப்பதால், பருவத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

சுற்றுலாப் பயணிகள் வராத ஊர் என்றால், ஒடிசாவிலோ மணிப்பூரிலோ உள்ள ஒரு பள்ளி வகுப்போடு கடிதத் தொடர்பு ஏற்படுத்துங்கள். உங்கள் ஊர்ச் சந்தையைப் பற்றியோ திருவிழாவைப் பற்றியோ அவர்களுக்குச் சொல்ல, இரு தரப்புக்கும் பொதுவாக ஆங்கிலம் மட்டுமே இருக்கும்.