பட்டரி புல் வெட்டி: களுவாஞ்சிகுடி வளவுக்கு எது சரி?

கேள்வி: ஐயா, எங்களுக்குக் களுவாஞ்சிகுடியில் அரை ஏக்கர் வளவு இருக்கிறது. காய்க்கிற தென்னையோடு புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளும், மா, முருங்கையும், பின்பக்கம் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளும் உண்டு. மாரி மழை விழுந்தால் புல் முழங்காலுக்கு வந்துவிடும். கூலிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். பெற்றோல் மெசின் எனக்குப் பாரம், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணவும் முடியவில்லை. பட்டரியில் ஓடும் நைலோன் நூல் மெசின் வாங்க நினைக்கிறேன். கடையில் ஒன்றில் 18 வோல்ட், ஒன்றில் 20 வோல்ட் என்று இருக்கிறது. இணையத்தில் 88 என்று போட்ட ஒன்று அதைவிட மலிவு. கனடாவில் இருக்கும் அண்ணன் அங்கிருந்து கொண்டு வரட்டுமா என்றும் கேட்கிறார். எதை வாங்குவது?

பதில்: தங்கச்சி, தாராளமாக வாங்கலாம். அறுகு, கோரை, முழங்கால் உயரப் புல், இவைதான் பெரும்பகுதி என்றால் பட்டரி மெசின் போதும். பெற்றோல் மெசின் 6 முதல் 8 கிலோ வரை பாரம் இருக்கும். இது பட்டரியோடு சேர்த்தே 3 கிலோ அளவில்தான் வரும், நீங்கள் தனியாகவே பிடித்து வேலை செய்யலாம். ஆனால் வேலியோரம் தண்டு தடித்துப் புதராக நிற்கும் கினியாப் புல்லை இதன் கணக்கில் சேர்க்காதீர்கள். நூல் அதில் சுற்றிக்கொள்ளும், மோட்டர் திணறிச் சூடேறும்.

18 வோல்ட்டும் 20 வோல்ட்டும் ஒன்றுதான். உள்ளே வரிசையாக 5 லித்தியம் செல்கள் இருக்கும். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், அப்படிக் கூட்டினால் 18. முழுதாகச் சார்ஜ் ஏறிய நேரத்தில் ஒரு செல் 4 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே போகும், அதைப் பிடித்து 20 என்று எழுதுகிறார்கள். 88 என்று போட்ட மலிவு மெசின்களில் பலவற்றைத் திறந்து பார்த்தால் அதே 5 செல்தான் இருக்கும். அந்த எண்ணை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். அவற்றோடு சின்ன இரும்புப் பல் சக்கரமும் கொடுப்பார்கள், மறைப்புத் தகடு பேருக்குத்தான் இருக்கும். அந்தச் சக்கரத்தைத் தயவுசெய்து மாட்டவே மாட்டாதீர்கள். கல்லில் பட்டு உடைந்து பறந்தால் காலைக் கிழித்துவிடும்.

நீங்கள் கேட்க வேண்டியது பட்டரி எத்தனை அம்பியர் மணி என்பதை. வோல்ட்டை அதால் பெருக்கினால் வாட் மணி வரும். 18 வோல்ட், 4 அம்பியர் மணி என்றால் 72 வாட் மணி. புல்லுக்குள் மோட்டர் 250 வாட் இழுக்கிறது என்று வைத்தால் 17 நிமிடம் ஓடும். மெல்லிய புல்லில் இன்னும் கொஞ்சம் கூட ஓடும். அரை ஏக்கர் என்பது 80 பேர்ச், ஒரு பட்டரியில் ஒரே மூச்சில் முடியாது. இரண்டு பட்டரி வைத்து, வளவைத் துண்டு துண்டாகப் பிரித்து, காலையில் ஒரு துண்டு, பின்னேரம் ஒரு துண்டு என்று வெட்டுங்கள். இந்த மெசினில் விலை கூடிய சாமானே பட்டரிதான். அதனால் இரண்டாவது பட்டரி உதிரியாகக் கிடைக்குமா, அதன் விலை என்ன என்று மட்டக்களப்பிலோ கல்முனையிலோ விசாரித்துவிட்டுத்தான் மெசினுக்குக் காசைக் கட்டுங்கள். காபன் பிரஷ் இல்லாத மோட்டர் என்றால் கொஞ்சம் விலை கூடினாலும் நல்லது, பட்டரி கூட நேரம் தாங்கும்.

அண்ணன் கொண்டு வருவதில் எனக்கு விருப்பமில்லை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த அங்கத்தைய சார்ஜரை இங்கே நேரே குத்தினால் அதோடு அது முடிந்தது. உதிரிப் பட்டரியைப் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பவும் விடமாட்டார்கள், கைப்பையில்தான் வர வேண்டும். அதுவும் 100 வாட் மணிக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். நாளைக்கு ஒரு சாமான் பழுதானால் இங்கே தேடி அலையவும் வேண்டும். அண்ணனுக்கு உதவ மனமிருந்தால் காசாக அனுப்பட்டும்.

நூல் 1.6 அல்லது 2 மில்லிமீற்றர். மெசின் புத்தகத்தில் எது போட்டிருக்கிறதோ அதுதான். தடித்த நூல் போட்டால் நன்றாக வெட்டும் என்று நினைத்து மாற்றினால் மோட்டருக்குச் சுமை, பட்டரி சீக்கிரம் இறங்கும். வெயிலில் கிடந்து காய்ந்த நூல் சும்மா சும்மா அறும். பாவிக்க முதல்நாள் இரவு தண்ணீரில் ஊறப் போட்டால் நைலோன் ஈரத்தை உறிஞ்சி மெத்தென்று வரும், அறுவது குறையும். புல்லுக்குள் மெசினின் தலையை முழுதாக அமுக்காமல் நூலின் நுனியால், மேலிருந்து கீழாக இரண்டு தரமாக வெட்டுங்கள். உங்கள் பக்கம் மணல் நிலம், ஒட்ட வெட்டினால் மணல்தான் பறக்கும். 2 அங்குலமாவது புல்லை விட்டுவிடுங்கள்.

இனி நான் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இந்த நூல் புல்லை வெட்டுகிற வேகத்தில் மரத்தையும் வெட்டும். இளம் மா, முருங்கையின் அடிப்பட்டையைச் சுற்றிவர உரித்துவிட்டால் இலை செய்யும் உணவு வேருக்கு இறங்காது. மரம் உடனே சாகாது, மெல்ல மெல்ல வாடும், ஏன் என்று தெரியாமல் உரம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். தென்னம்பிள்ளைக்கு ஆபத்து வேறு மாதிரி. தென்னையில் பட்ட காயம் மற்ற மரங்களைப் போல மூடி ஆறாது. அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்பு வண்டு வந்து முட்டையிடும், புழு உள்ளே குடைந்து போகும். குருத்து வாடி வெளியே தெரிகிற நேரம் பெரும்பாலும் பிள்ளை கைவிட்டுப் போயிருக்கும். அதனால் ஒவ்வொரு பிள்ளையையும் சுற்றி 3 அடி வட்டத்துக்குள் மெசினைக் கொண்டு போகாதீர்கள். அந்த வட்டத்தைக் கையால் துப்புரவாக்கி, வெட்டிய புல்லைக் காயவைத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள், தண்டில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி. வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்த மணலில் ஈரம் நிற்க அது பேருதவி. தவறி எங்காவது காயம் பட்டுவிட்டால் அன்றைக்கே தார் பூசிவிடுங்கள்.

மிளகாய், கத்தரிப் பாத்திக்குள் இது சரிவராது. அங்கே கையும் மண்வெட்டியும்தான். கோரைக்கு உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில், மேலே எத்தனை தரம் வெட்டினாலும் முளைக்கும். விதை பிடித்த புல்லையும் பாத்திக்கு மூடாக்காகப் போட வேண்டாம். ஆடு மாட்டுக்குத் தீனி வேண்டுமென்றால் தாக்கத்தியால் அரிந்து கொடுங்கள், நூல் சிதைத்த புல் மணலோடு கலந்துவிடும்.

வெட்ட முதல் வளவை ஒரு சுற்று நடந்து சிரட்டை, கம்பித் துண்டு, கல் எல்லாம் பொறுக்குங்கள். சிரட்டையைப் பொறுக்கினால் டெங்கு நுளம்புக்கும் இடமில்லாமல் போகும். கண்ணாடி, நீளக் காற்சட்டை, சப்பாத்து மூன்றும் கட்டாயம். செருப்போடு இறங்கவே கூடாது, உயர்ந்த புல்லுக்குள் புடையன் பாம்பு கிடக்கும். சின்னப் பிள்ளைகள் வெளியில் நிற்கும்போது மெசினைப் போடாதீர்கள்.

வேலை முடிந்ததும் சூடான பட்டரியை உடனே சார்ஜில் போடாமல் ஆறவிடுங்கள். தகரக் கொட்டிலுக்குள் வைக்க வேண்டாம், பகல் சூடு அதைத் தின்றுவிடும். வீட்டுக்குள் நிழலில் இருக்கட்டும். வெட்டாத மாதங்களில் பாதிச் சார்ஜில் வையுங்கள். கடல் பக்கத்தில் உப்புக் காற்று என்பதால் பட்டரி மாட்டும் இடத்து உலோகத் தகடுகளைக் காய்ந்த துணியால் துடைத்து வைப்பது நல்லது. தண்ணீர் அடித்துக் கழுவக் கூடாது.

வேலியோரக் கினியாப் புல்லுக்கு மாரி முடிந்த கையோடு, பூத்து விதை கொட்ட முன், பெற்றோல் மெசின் வைத்திருக்கும் ஒருவரை ஒருநாள் பிடியுங்கள். பிறகு அது தளிர்த்து வரும்போது இளசாகவே இருக்கும். அந்தத் தளிரை உங்கள் பட்டரி மெசினால் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் தட்டிக்கொண்டு வந்தால் புதராக விடாமல் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.